விபத்து நடந்த தேதி

படிவத்தின் நாலாவது கட்டம் விபத்து நடந்த தேதியையும் நேரத்தையும் கேட்டது. அதுவரைக்கும் அன்புக்கரசி மளமளவென்று எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பெயர், பணியாளர் எண், ஆண்கள் நரம்பியல் வார்டு, ஸ்டாஃப் நர்ஸ், பதினான்கு வருஷ சர்வீஸ். நாலாவது கட்டத்துக்கு வந்ததும் எழுத அவளிடம் எதுவும் இல்லை.

வலி எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும்போது இடுப்பில் ஒரு பிடிப்பு இருக்கும். தூங்கி எழுந்தால் போய்விடும். அப்புறம் தூங்கி எழுந்தாலும் போகவில்லை. வலது தொடையின் பின்பக்கம் ஓர் எரிச்சல் இறங்கி முழங்காலோடு நின்றது. போன தீபாவளிக்கு அது கெண்டைக்காலைத் தாண்டியது. இந்தச் சித்திரைக் கடைசியில் ஒருநாள் கருமத்தம்பட்டி ஸ்டாப்பில் இறங்கப் போனவளுக்குப் படியிலிருந்து காலைக் கீழே வைக்கத் தெரியவில்லை. கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள். கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். இதில் எதை விபத்து என்று எழுதுவது?

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். முதுகின் அடிப்பக்கத்தில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. இனிமேல் கனம் தூக்கக் கூடாது, தூக்கினால் பாதம் தொங்கிப்போகும், தொங்கினது திரும்ப நிமிராமலும் போகலாம் என்றார். நர்ஸிடம் பேசுவதால் அவர் சுற்றி வளைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு விதி இருந்தது. வேலை நேரத்தில் அடிபட்டவர்களுக்கு லைட் ட்யூட்டி கொடுப்பார்கள். வெளிநோயாளிப் பிரிவில் டோக்கன் போடுவது, ஃபைல் எடுத்து வைப்பது மாதிரி உட்கார்ந்து செய்கிற வேலை. ஆறு மாதம் வரைக்கும் கிடைக்கும், அப்புறம் நீட்டியும் கொடுப்பார்கள். சொந்தமாக வந்த நோய் என்றால் அது இல்லை. லீவில் போக வேண்டியதுதான். தொண்ணூறு நாளுக்குள் வார்டு வேலைக்குத் திரும்ப முடியாவிட்டால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே அந்த நாலாவது கட்டத்தில் ஒரு தேதி வேண்டியிருந்தது.

யோசித்தபோது பாலுசாமிதான் ஞாபகத்துக்கு வந்தார்.

பல்லடம் பக்கம் கோழிப்பண்ணைக்காரர். ஜனவரியில் பக்கவாதம் வந்து நாற்பத்தொரு நாள் வார்டில் கிடந்தார். நூற்று நாலு கிலோ. அந்த மாதிரி ஆளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். திருப்பாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். தலைப்பக்கம் கட்டிலைத் தூக்கி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்மாட்டுக்கு வழுக்கிக்கொண்டே வருவார். அடியில் விரித்திருக்கும் துணியை இரண்டு பக்கமும் இரண்டு பேர் சுருட்டிப் பிடித்துத் தலைமாட்டுக்கு இழுக்க வேண்டும். டயபர் மாற்றும்போது ஒரு தடவை, படுக்கை விரிக்கும்போது ஒரு தடவை, சக்கர நாற்காலியில் வைக்கும்போது ஒரு தடவை. வார்டில் அவரைப் போல ஐந்தாறு பேர் எப்போதும் இருப்பார்கள்.

எண்பது கிலோவுக்கு மேல் இருந்தால் நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டும் என்று சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தது. நாலு பேர் வார்டிலேயே கிடையாது. காலை ஷிப்டில் அன்புக்கரசியும் மெர்சியும்தான். மெர்சி மேட்டுப்பாளையத்துக்காரி. இருவரும் ஒன்பது வருஷமாகக் கட்டிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றவர்கள். மெர்சிக்கு வலது கட்டைவிரல் அடியில் நரம்பு வீங்கி மருந்துக் குப்பியின் கழுத்தை உடைக்க முடியாது. அன்புக்கரசிதான் உடைத்துக் கொடுப்பாள். அன்புக்கரசியால் குனிந்து கட்டிலின் பிரேக்கைப் போட முடியாது. மெர்சி காலால் போடுவாள். ரொம்ப முடியாத நாளில் உடைமாற்றும் அறையில் ஒருத்திக்கு ஒருத்தி வலி ஊசி போட்டுக்கொண்டு போய் நிற்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு நர்ஸ் என்று மெர்சி சொல்வாள்.

மூன்றாவது ஆள் ஒருத்தி உண்டு. அது எந்தக் காகிதத்திலும் கிடையாது. வார்டைக் கூட்டித் துடைக்கும் பாவாத்தாள். ஐம்பதைத் தாண்டியவள், காண்ட்ராக்டில் வந்தவள். துப்புரவு ஆட்கள் நோயாளியைத் தொடக் கூடாது என்று விதி இருந்தது. ஆனாலும் இரண்டு பேரால் ஆகாதபோது மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து கால்மாட்டில் நிற்பாள். “காலை நான் புடிச்சுக்கறேன், நீங்க தலையப் பாருங்க கண்ணு” என்பாள். பாலுசாமியின் ஒரு கால் மட்டும் பதினைந்து கிலோவுக்கு மேல் இருக்கும். நாற்பத்தொரு நாளும் அந்தக் காலைத் தூக்கியது அவள்தான்.

தூக்குவதற்கு ஒரு மெஷின் இருக்கத்தான் செய்தது. மஞ்சள் நிறத்தில், சக்கரம் வைத்து, மேலே கொக்கியும் கீழே தொட்டில் மாதிரி ஒரு துணியுமாக. ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று வாங்க ஆட்கள் வந்தபோது வாங்கியது. பாலுசாமி வந்த மூன்றாம் நாள் அதை வெளியே கொண்டுவந்தார்கள். பெல்ட்டு மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் அவர் தொட்டிலில் சுருண்டபடி மேலே போனார். ஒரு கை தொங்கியது. வாய் ஒருபக்கமாகக் கோணியது. வராந்தாவில் அவரைப் பார்க்க வந்திருந்த உறவுக்காரர்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

அவர் மனைவி சென்னியம்மாள் உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “ஏனுங் அம்மணி, கெணத்துல உழுந்த எருமையக் கிரேன் போட்டுத் தூக்கற மாதிரி தூக்கறீங்களே. இவரு நடந்து வந்தா ஊரே எந்திரிச்சு நிக்குமுங்க” என்று சொல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சாயங்காலமே மேலிடத்துக்குப் புகார் போனது. இத்தனை பணம் வாங்குகிறீர்கள், மனுசன் கையால் தூக்க மாட்டீர்களா என்று மகன் கேட்டானாம்.

மறுநாள் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் கனகம் வார்டு நர்ஸ்களைக் கூப்பிட்டு விசாரித்தாள். அன்புக்கரசிதான் முதலில் வாயைத் திறந்தாள். “மெஷின் வேண்டாங்க மேடம். நாங்களே தூக்கிக்கறோம்.” அதைக் கனகம் எழுதிக்கொண்டு எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினாள். மெஷின் ஸ்டோர் ரூமுக்குப் போனது.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். மெஷினை மாட்டிக் கழற்றக் கால் மணி நேரம் ஆகும், அதற்குள் இரண்டு பேரைத் திருப்பிவிடலாம் என்பது ஒன்று. அது பாதிதான். அவள் அம்மா மாசாணம் அன்னூர் பக்கத்துத் தோட்டங்களில் கரும்புக் கட்டும் மஞ்சள் மூட்டையும் சுமந்தவள். களத்து மேட்டில் ஒரு மூட்டையைக் காட்டி “ஆகுமா?” என்று கேட்பார்கள். ஆகாது என்று சொன்னால் மறுநாள் கூப்பிட ஆள் வராது. அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்ல அந்த வீட்டில் யாரும் பழகவில்லை. ஐந்து வயதில் தண்ணீர்க் குடத்தில் தொடங்கி நர்சிங் படிப்பு வரைக்கும் அன்புக்கரசி ஆகும் என்றே சொல்லிப் பழகினவள். மெஷினைக் கொண்டுவந்தபோது அவளுக்கே ஒரு கூச்சமாக இருந்தது, ஏதோ தன்னால் ஆகவில்லை என்று ஊருக்குச் சொன்ன மாதிரி.

சென்னியம்மாளுக்கு அவள்மேல் பிரியம் வந்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டாள், அன்னூரில் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அன்புக்கரசி சொன்னாள். அதற்கப்புறம் ஃப்ளாஸ்க்கில் இருந்து வரும் காப்பி டம்ளரில் வராமல் காகிதக் கோப்பையில் வந்தது. தூக்கக் கூப்பிடுவது மட்டும் குறையவில்லை.

அதனால் நாலாவது கட்டத்தில் ஜனவரி இருபத்தேழு, காலை பதினொன்று என்று எழுதினாள். அன்றைக்குப் பாலுசாமியைத் தலைமாட்டுக்கு இழுத்தபோது இடுப்பில் நெட்டி முறிந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது உண்மைதான். மெர்சிக்கும் கேட்டது. எழுதியதைக் கனகத்திடம் கொண்டுபோனாள்.

கனகம் கட்டிலோரத்தில் இருபத்தைந்து வருஷம் நின்றுவிட்டு நாற்காலிக்குப் போனவள். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், எழுந்தால் மேசையைப் பிடித்துத்தான் எழுவாள். படிவத்தைப் படித்துவிட்டு எத்தனை பேர் தூக்கினீர்கள் என்று கேட்டாள். இரண்டு பேர் என்றாள் அன்புக்கரசி. சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நாலு பேர்.

“அப்ப விதிய மீறுனது நீ. மெஷினு வேண்டாம்னு மொத கையெழுத்தும் நீதான். அந்தப் பேப்பர் ஃபைல்ல இருக்குது. எச்.ஆர்.ல அதத்தான் எடுத்து நீட்டுவாங்க.”

கனகம் படிவத்தை அவள் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

“இங்க பாரு அம்மணி. தூக்கறது வேலை. வேலையில இடுப்பு போனா அது விபத்து இல்ல. வழுக்கி உழுந்தாத்தான் விபத்து.”

வேறொரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ட்யூட்டிப் பட்டியலைப் புரட்டினாள். ஸ்கேன் எடுத்தது மே இருபத்திரண்டு. அதற்கு முன்னால், அன்புக்கரசியும் மெர்சியும் பாவாத்தாளும் ஒரே ஷிப்டில் இருந்த நாளாகப் பார்த்து விரலை வைத்தாள். மே பதினெட்டு. வார்டு நடைபாதை ஈரமாக இருந்தது, எச்சரிக்கைப் பலகை வைக்கவில்லை, வழுக்கி விழுந்தேன். இவ்வளவு எழுதினால் போதும் என்றாள்.

பாவாத்தாள் அக்காவுக்கு ஏதாவது தொந்தரவு வருமா என்று அன்புக்கரசி கேட்டாள். காண்ட்ராக்ட்காரனுக்கு ஒரு மெமோ போகும், அவன் அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வான், அத்தோடு சரி என்றாள் கனகம். அவளும் அதை நம்பித்தான் சொன்னாள் என்று தோன்றியது.

பாவாத்தாள் துடைத்தால் பலகை வைக்காமல் போனதே இல்லை. பலகை இல்லாத நாளில் வாளியைக் கவிழ்த்து நடுவழியில் வைப்பாள். மே பதினெட்டில் தரை காய்ந்து கிடந்தது. அன்புக்கரசி எழுதினாள். ‘துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவால்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள் கனகம். அதையும் சேர்த்தாள். சாட்சி என்ற இடத்தில் மெர்சி கையெழுத்துப் போட்டாள். அவள் படித்துப் பார்க்கவில்லை. படித்தால் போட முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் லைட் ட்யூட்டி உத்தரவு வந்தது.

வெளிநோயாளிப் பிரிவில் அவளுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். டோக்கன் எண்ணை அழுத்த வேண்டும், பெயரைக் கூப்பிட வேண்டும், ஃபைலை டாக்டர் அறைக்கு அனுப்ப வேண்டும். முதல் நாள் உட்காரவே கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் யாரும் கவனிக்காதபோது முதுகை நாற்காலியில் சாய்த்தாள். ஒரு வாரத்தில் ஊசி இல்லாமல் தூங்கினாள். காலில் எரிச்சல் குறைந்து மரப்பு மட்டும் மிஞ்சியது. பிசியோதெரபிப் பெண் சொன்னபடி காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது பெருவிரலை மேலே தூக்கிப் பார்ப்பாள். இடது விரல் அளவுக்கு வராது. ஆனால் தினமும் நெல்லளவு கூடுதலாக எழும்புகிற மாதிரி இருந்தது. அவளுக்கு அந்தப் பதினொரு நாளும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க ஒன்றும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் மெர்சி சாப்பாட்டு நேரத்தில் கீழே வந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்காமல் பக்கத்தில் நின்றாள்.

“அக்காள நிறுத்திப்போட்டாங்க” என்றாள்.

எப்போது என்று அன்புக்கரசி கேட்டாள். உத்தரவு வந்த மறுநாளே என்றாள் மெர்சி. இத்தனை நாள் வேறு வார்டில் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாளாம். இன்றைக்குத்தான் துடைக்க வரும் புதுப் பெண் சொல்லித் தெரிந்தது. அந்தப் பெண் நோயாளி பக்கமே வர மாட்டாள், விதியைக் காட்டுகிறாள், அவள் சொல்வதும் சரிதான். காலைப் பிடிக்க ஆள் இல்லை.

“உனக்குச் சேர் கெடச்சுது. அவங்களுக்குக் கேட்டைக் காட்டிப்போட்டாங்க. நடுவுல நான் கையெழுத்துப் போட்டிருக்கறேன்” என்று சொல்லிவிட்டு மெர்சி சாப்பிடாமலே மேலே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அன்புக்கரசி சின்னியம்பாளையத்துக்குப் போனாள். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட எட்டு வீடுகளில் கடைசி வீடு. பாவாத்தாள் வாசலில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இடது தோள் மேலே எழும்பாததால் வலது கையாலேயே அடித்துத் துவைத்தாள். அந்தத் தோள் எப்போதிலிருந்து அப்படி என்று அன்புக்கரசி ஒருநாளும் கேட்டதில்லை.

“வாங்க சிஸ்டர்” என்றாள் பாவாத்தாள். எழுந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பன்னிரண்டு வருஷமாகக் கண்ணு என்று கூப்பிட்டவள். இந்த மரியாதை கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது. அன்புக்கரசி உட்காரவில்லை.

“உழுந்துட்டீங்களாமா?”

“இல்லைங்கக்கா.”

“தெரியுமுங்க. நீங்க உழுந்திருந்தா ஓடியாந்து தூக்கியிருக்கறவ நானுதானுங்களே.”

துணியைப் பிழிந்து கயிற்றில் போட்டாள். சூப்பர்வைசர் அந்தக் காகிதத்தின் நகலைக் கொண்டுவந்து இரண்டு தடவை வாசித்துக் காட்டினானாம். தனக்குப் படிக்கத் தெரியாததால் இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னதே தான்தானாம். முதல் தடவை கேட்டது நம்பும்படி இல்லையாம்.

“எம்பேரு கூட அதுல இல்லீங்க. துப்புரவுப் பணியாளராம். பேரயாச்சும் போட்டிருக்கலாம்.”

அன்புக்கரசி காலைப் பற்றிச் சொன்னாள், டாக்டர் சொன்னதைச் சொன்னாள், கனகம் மெமோவோடு போய்விடும் என்று சொன்னதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தும் எதுவும் நிற்கவில்லை.

பாவாத்தாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், “நீங்க என்னத்தத் தூக்குனீங்களோ எனக்குத் தெரியாதுங்க. எறக்கி எம்மேல வெச்சுப்போட்டீங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். திரும்பி வரும் வரைக்கும் அன்புக்கரசி நின்றாள். திரும்பி வந்தவள், வெயில் ஏறுவதற்குள் பஸ் பிடிக்கச் சொன்னாள்.

உண்மையை எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்றதும் வீட்டில் புருஷன் வேண்டாம் என்றான். கணபதியில் ஒரு பவுண்டரியில் வார்ப்பு ஊற்றுகிறவன், உடம்பு தேய்வதைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுதினது எழுதியாயிற்று, அந்த அம்மாவுக்கு வேறு எங்காவது வேலை கேட்டுப் பார்க்கலாம், நீ வார்டுக்குத் திரும்பப் போனால் நடக்கவே முடியாமல் போய்விடும், அப்போது யார் பார்ப்பது என்று கேட்டான். கேட்டதில் தப்பில்லை. அன்புக்கரசி இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து பெயர்களைக் கூப்பிட்டாள். மூன்றாம் நாள் மெர்சியைத் தேடி மேலே போனாள். உண்மையை எழுதிக் கொடுத்தால் உனக்கும் மெமோ வரும் என்றாள்.

மெர்சி ஒரு நோயாளியின் மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஏற்றிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் முடியாததால் சிரிஞ்சை உள்ளங்கையால் அழுத்தினாள். “வரட்டும்” என்றாள். “படிக்காம போட்டேன்னு எழுதிக்க. அது நெசந்தான.”

அன்புக்கரசி ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள். ‘மே பதினெட்டாம் தேதி நான் வழுக்கி விழவில்லை. அன்று தரை ஈரமாக இல்லை. துப்புரவுப் பணியாளர் பாவாத்தாள் எந்தத் தவறும் செய்யவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட மெர்சி படிவத்தைப் படிக்கவில்லை. பதினான்கு வருஷமாக இந்த வார்டில் நோயாளிகளைத் தூக்கியதாலும் திருப்பியதாலும் என் முதுகு கெட்டது. அதற்குத் தேதி இல்லை.’

கனகம் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். நான்தான் எழுதச் சொன்னேன் என்று இதில் இல்லையே என்றாள். பேனாவைப் பிடித்தது என் கை என்றாள் அன்புக்கரசி.

“இத வாங்குனா நாளைக்கு உன்ற லைட் ட்யூட்டி போயிரும். பொய்ப் படிவம் குடுத்ததுக்கு வெளக்கம் கேப்பாங்க. தெரியுமல்ல?”

“தெரியுமுங்க மேடம்.”

“தேதி இல்லைன்னா கம்ப்யூட்டரு வாங்காது.”

“பேப்பர்லயே இருக்கட்டுமுங்க. நகல்ல சீல் மட்டும் போட்டுக் குடுங்க.”

கனகம் தாளை மறுபடியும் முதலில் இருந்து படித்தாள். “இப்படி எழுதறதுன்னா இந்தக் கட்டடத்துல பாதிப் பேரு எழுதோணும்” என்றாள். யாரிடமோ சொன்ன மாதிரி இருந்தது. அப்புறம் மேசையைப் பிடித்து எழுந்து, அலமாரிக்குப் போய், சீலை எடுத்து வந்து நகலில் அழுத்தினாள். காண்ட்ராக்ட்காரனுக்குத் தன் கையால் ஒரு கடிதமும் எழுதினாள்.

லைட் ட்யூட்டி மறுநாளே ரத்தானது. வார்டுக்குப் போகிறாயா, லீவில் போகிறாயா என்று எச்.ஆரில் கேட்டார்கள். அன்புக்கரசி லீவு எழுதிக் கொடுத்தாள். ஆகாது என்று அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. எச்.ஆர். பெண் தொண்ணூறாவது நாள் எது என்று கணக்குப் பார்த்து ஒரு தேதியை எழுதிக் கொடுத்தாள். செப்டம்பர் பத்து. மெர்சிக்கு எச்சரிக்கை மெமோ வந்தது. அன்புக்கரசியின் விளக்கத்தைக் கேட்ட கடிதத்துக்கு அவள் அதே நகலை இன்னொரு நகல் எடுத்து அனுப்பினாள்.

பாவாத்தாளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், ஆனால் பின்கட்டடத்தில்தான் இடம் என்றும் காண்ட்ராக்ட்காரன் சொல்லிவிட்டதாக ஆனி பிறந்த ஒரு வாரத்தில் கனகம் போன் செய்து சொன்னாள். அன்புக்கரசி சின்னியம்பாளையம் போனாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போகிறாள் என்றாள்.

மண்டபத்தின் பின்பக்கம் சாப்பாட்டுப் பந்தி முடிந்து, சிமெண்டுத் தளத்தில் அண்டாவும் குண்டாவும் குவிந்து கிடந்தன. சாம்பார் வாடை. பாவாத்தாள் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்புக்கரசி கூப்பிட்டதும் வெளியே வந்தாள். நெற்றியில் வேர்வையும் சாம்பலும்.

விஷயத்தைச் சொன்னாள். எழுதிக் கொடுத்த கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பாவாத்தாள் கேட்டாள். அன்புக்கரசி பையிலிருந்து நகலை எடுத்து வாசித்தாள். பாவாத்தாள் எந்தத் தவறும் செய்யவில்லை என்ற இடத்தில், இன்னொருக்கா என்றாள். வாசித்தாள்.

“பேரு இருக்குதுங்களா அதுல?”

“இருக்குதுங்கக்கா. இதோ.”

எழுத்தைக் காட்டினாள். பாவாத்தாள் ஈரக் கையால் தொடாமல், குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“உங்க சேரு?”

“போச்சுங்கக்கா.”

“கால் எப்படி இருக்குதுங்க?”

“அப்படியேதான்.”

பாவாத்தாள் தலையை ஆட்டினாள். பின்கட்டடம் என்றால் மூன்று மாடி, லிஃப்டும் கிடையாது, இங்கே கூலி அன்றன்றைக்குக் கைக்கு வந்துவிடுகிறது, ஆனால் ஆடி வந்தால் கல்யாணம் இருக்காது என்று தனக்குத்தானே சொல்கிறவள் மாதிரி சொன்னாள். வருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை, ரெண்டு நாளில் சூப்பர்வைசரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். அன்புக்கரசியை அதற்கு மேல் அலைய வேண்டாம் என்றாள்.

பக்கத்து அண்டாவில் கழுவின தண்ணீர் முக்கால்வாசி நின்றது. அதைச் சாய்த்துக் கொட்ட வேண்டும். கூட இருந்த பெண் உள்ளே கரண்டி எடுக்கப் போயிருந்தாள். பாவாத்தாள் ஒரு பக்க வளையத்தைப் பிடித்துக் குனிந்தாள். இடது தோள் ஒத்துழைக்கவில்லை. அன்புக்கரசி யோசிக்கவில்லை. காலை அகட்டி, முழங்காலை மடக்கி, எதிர்ப்பக்க வளையத்தில் கையைக் கொடுத்துவிட்டாள்.

“கையை எடுங்க” என்றாள் பாவாத்தாள்.

அன்புக்கரசி எடுக்கவில்லை.

“எடுங்கன்னு சொல்றனல்லோ. அக்கட்டால நில்லுங்க.”

உள்ளே பார்த்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். அவள் வந்து மறுபக்கம் பிடித்தாள். அன்புக்கரசி கையை எடுத்துவிட்டு நகர்ந்தாள். இரண்டு பேரும் அண்டாவைச் சாய்த்தார்கள். அழுக்குத் தண்ணீர் தளம் முழுக்கப் பரவிச் சாக்கடையைப் பார்த்து ஓடியது. தன் வலது காலுக்கு அடியில் தரை இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு, அன்புக்கரசி சுவரைப் பிடித்தபடி வாசல் பக்கம் நடந்தாள்.